நாலு சுற்று

லாவண்யா நகர், ஆரணி
14.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி குமரேசன் எழுதுவது. இங்கு நான், ஹேமலதா, பிள்ளைகள் நலம். அங்கு நீயும் மாமாவும் நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

பத்து நாளாகப் போன் போட்டுப் பார்க்கிறேன். நீ எடுப்பதில்லை. முந்தாநாள் மாமா எடுத்து, "சொல்லு மாப்ள" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் கட் பண்ணிவிட்டேன். அதனால்தான் கடிதம். என் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் ஏரிக்கு அந்தக் கரையில் உங்கள் கொளத்துப்பட்டு தெரிகிறது. ஆனால் இந்தக் கடிதம் ஆரணி தபால் ஆபீஸைச் சுற்றிக்கொண்டுதான் உன்னிடம் வரப்போகிறது.

மதகு திறந்து ஏரி வடிந்துபோனதையும், ஊர்க்கூட்டத்தில் மாமாவை நிற்கவைத்துக் கேட்டதையும் தேவிகாபுரம் பஸ்ஸில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். முப்பது வருஷமாக அந்த மதகைத் திறந்து மூடி, வயலுக்கு வயல் முறை வைத்துத் தண்ணீர் விட்டவர் மாமா. அவரிடமிருந்து நீர்க்கட்டி வேலையை வாங்கிவிட்டார்களாமே. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்து நிலைமையையும் நீ யோசிக்க வேண்டும் அக்கா. மனை வாங்கும்போதே நீ சொன்னாய், ஏரி நிரம்பினால் தண்ணீர் ஏறுகிற நிலம் அது, கேழ்வரகு விதைத்தவனே பயந்துகொண்டுதான் விதைப்பான் என்று. நான் பார்த்தது சித்திரை மாசம். செம்மண் கொட்டி, ரோடு போட்டு, வரிசையாகக் கல் நட்டு, ஷாமியானாவில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். கொசப்பாளையத்து வாடகை வீட்டில் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு வேறு என்ன தெரியும்? சொந்த வீட்டில் சொந்தமாகத் தறிக்குழி தோண்டினேன். இந்த நகரில் அறுபது வீடு. மற்றவர்களுக்கெல்லாம் தண்ணீர் வாசலில் வந்து நின்றது. எனக்கு மட்டும் வீட்டு நடுவில், கால் வைத்து மிதிக்கிற குழிக்குள்ளேயே ஊற்றெடுத்தது. நலச்சங்கத் தலைவர் ஜீவானந்தம் சார் தினமும் காலையில் வந்து என் குழியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏரி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மற்றவர்களுக்குச் சொல்வார். தறியில் முகூர்த்தப் புடவை பாதியில் நின்றது.

இப்போது குழி காய்ந்துவிட்டது.

மதகு பழசு அக்கா. யார் தொட்டாலும் அப்படித்தான் ஆகியிருக்கும். மாமாவை மனசு விட்டுவிடாமல் பார்த்துக்கொள்.

உன் தம்பி
குமரேசன்

*

கொளத்துப்பட்டு
19.12.2025

குமரேசா,

கடிதம் கிடைத்தது. தபால்காரர் உன் மாமா கையில்தான் கொடுத்தார். அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிற ஆள் இல்லை அவர். பருப்பு டப்பா மேல் வைத்துவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். இந்த வீட்டில் இருப்பது ஒரே போன். அதையும் அவர் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். நீ என்னத்தை உளறுவாயோ என்று பயந்துதான் நான் எடுக்கவில்லை. இனிமேலும் எடுக்கமாட்டேன். எழுது.

யார் தொட்டாலும் என்று எழுதியிருக்கிறாய். தொட்டது யார் என்று எழுதவில்லை. காகிதத்தில் இடம் போதவில்லையா?

மதகைத் திருகுகிற சாவி எங்கள் பின்கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். முழங்கை நீளத்து இரும்பு. உனக்குத் தெரியாததா? உன் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வருஷம் எங்கள் வீட்டில் இருந்தாயே, அப்போது உன்னைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் திருகக் கற்றுக்கொடுத்ததே உன் மாமாதான். தீபத்துக்கு மறுநாள் விடிந்ததும் ஊரே மதகைப் பார்க்க ஓடியது. நான் மட்டும் பின்கதவுக்கு ஓடினேன். சாவி ஆணியில்தான் இருந்தது. ஆனால் அதை மாட்டுகிற கயிறு அறுந்து, திரும்ப முடிச்சுப் போட்டிருந்தது. வால் தெரியாமல், மிளகளவுக்கு, இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு. தறிப் பாவில் இழை அறுந்தால் நீ போடுகிற முடிச்சு. இந்த ஊரில் ஒரு வீட்டிலும் தறி கிடையாது குமரேசா.

நீ அன்றைக்கு வந்தது கார்த்திகைச் சீர் கொண்டு. அம்மாவும் அப்பாவும் போனபிறகு எனக்குப் பிறந்தவீடு என்று சொல்லிக்கொள்ள நீ ஒருத்தன்தான் இருக்கிறாய். தட்டில் பழம், வெல்லம், பொரி, நீயே நெய்த அரக்கு நிறப் புடவை. அக்கம்பக்கத்தில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். "எந்தம்பி மறக்கமாட்டான்" என்று வேறு பீற்றிக்கொண்டேன். சீர்த்தட்டை நீட்டிய கை காய்வதற்குள் சாவியை எடுத்திருக்கிறாய். தூ!

கூட்டத்தில் என்ன நடந்தது என்று பஸ்ஸில் கேட்டதாக எழுதியிருக்கிறாய். நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். கீழ்வயல் சம்பா கதிர் பால் பிடிக்கிற நேரம். மொத்தமும் சாய்ந்து அழுகிவிட்டது. அன்பழகனுக்கு மட்டும் இரண்டு ஏக்கர். அவன்தான் எழுந்தான். "லேஅவுட்ல மச்சான் வூடு முழுவுதுன்னு தொறந்து உட்டுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னுகினு இருக்காரு" என்றான். உன் மாமா ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. சாவியைக் கோயில் படியில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். தைக்குப் பிறகு நவரை நெல் நடுவதற்கு ஏரியில் தண்ணீரும் இல்லை. ஒரு கரைக்காரன் தறி நிற்காமல் ஓட, இந்தக் கரையில் இரண்டு போகம் போயிற்று.

இதற்குப் பதில் எழுது. நலம் விசாரித்து அல்ல.

தனக்கோடி

*

லாவண்யா நகர்
26.12.2025

அக்கா,

உன் கடிதத்தை ஹேமலதாவுக்குக் காட்டவில்லை. தறிக்குழிக்குள் கால் வைத்து உட்கார்ந்து, புடவை மறைவில் படித்தேன்.

நான்தான் எடுத்தேன்.

தீபத்தன்று மத்தியானம் சாப்பிடும்போது மாமாவிடம் கேட்டேன். நீ அப்போது வடை சுட்டுக்கொண்டிருந்தாய். கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள் மாமா, ஒரு சாண் இறங்கினால் போதும், குழி வற்றிவிடும் என்றேன். நான் கேட்பேன் என்று எதிர்பார்த்தவர் மாதிரிதான் இருந்தார். கோபப்படவில்லை. "அது என் தண்ணி இல்ல மாப்ள. ஊருக்கு சொந்தம். நான் சாவி வெச்சிகினு இருக்கேன், அவ்ளோதான்" என்றார். தறியைக் கழற்றிக்கொண்டு வந்து இந்த வீட்டில் போட்டுக்கொள், மழை விடுகிறவரைக்கும் இங்கேயே நெய் என்றும் சொன்னார். அதை உன்னிடம் சொன்னாரா தெரியாது. நான் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது அக்கா. சொந்த வீடு கட்டியவனைப் பார்த்துத் திரும்பவும் அக்காள் வீட்டில் வந்து ஒண்டிக்கொள் என்கிறாரே என்று கோபம்.

சாயங்காலம் மலையில் தீபம் ஏற்றியதை டிவியில் பார்த்துவிட்டு எல்லாரும் சொக்கப்பனை கொளுத்தக் கோயிலுக்குப் போனோம். மழையில் நனைந்த பனையோலை பற்றிக்கொள்ளவே இல்லை, நினைவிருக்கிறதா? ஊரே அதைச் சுற்றி நின்று ஊதிக்கொண்டிருந்தது. கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டு நான் திரும்பி வந்தேன். சாவியை இழுத்ததில் கயிறு அறுந்தது.

கரைக்கு நடக்கும்போதே நாலு சுற்று என்று கணக்கு வைத்துக்கொண்டேன். காலையில் மாமா பார்த்துப் பேசாமல் மூடிவிடுவார், வெளியே சொல்லமாட்டார் என்று நினைத்தேன். அவர் நல்லவர் என்கிற தைரியத்தில்தான் செய்தேன். மூன்று சுற்று சரியாக வந்தது. நாலாவதில் கை லேசாகிவிட்டது. திருகாணி உள்ளே அறுந்து, சாவி சும்மா சுற்றியது. திருப்பிச் சுற்றினேன். அதற்கும் சும்மாதான் சுற்றியது. கீழே தண்ணீர் உறுமுகிற சத்தம் கேட்டது. காலையில் அந்த வேகத்தில் மதகுப் பலகையே பிடுங்கிக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டேன்.

இதற்கு மேல் எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் இந்தக் காகிதத்தை மடித்து வைத்திருந்தேன். எழுதிவிடுகிறேன். மூடாது என்று எனக்கு அப்போதே தெரியும். ஊர் ஆண்கள் அத்தனை பேரும் கூப்பிடு தூரத்தில் கோயிலில் நின்றார்கள். ஓடிவந்து ஒரு குரல் கொடுத்திருந்தால் மணல் மூட்டை போட்டு அடைத்திருப்பார்கள். நான் வீட்டுக்கு வந்து, முடிச்சுப் போட்டு, சாவியை மாட்டினேன். கை கழுவினேன். நீ கோயிலிலிருந்து வந்து பொரி உருண்டை கொடுத்தாய். இரண்டு சாப்பிட்டேன். மூன்றாவதையும் நீ கையில் வைத்து அழுத்தினாய். அதையும் சாப்பிட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸில் ஏறினேன்.

என்னை ஆற்றில் போட்டாலும் குளத்தில் போட்டாலும் சரி, நீ என்ன செய்தாலும் சரி.

குமரேசன்

*

கொளத்துப்பட்டு
2.1.2026

குமரேசா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன்னைத் திட்டி நாலு பக்கம் எழுதினேன். அடுப்பில் போட்டுவிட்டேன். திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை.

போன கடிதத்தில் முடிச்சைப் பார்த்தேன் என்று எழுதினேன். பார்த்து என்ன செய்தேன் என்று எழுதவில்லை. நீ மட்டும்தான் பாதி எழுதுகிற ஆள் என்று நினைக்காதே.

அந்த முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன். கயிறு எண்ணெயும் துருவுமாகக் கசந்தது. மாட்டுக்குக் கட்டுவதுபோலத் திரும்ப ஒரு முடிச்சுப் போட்டு மாட்டினேன். நான் கதவை விட்டு நகர்வதற்குள் உன் மாமா கரையிலிருந்து ஓடிவந்தார். சேறு முட்டிவரைக்கும். சாவியை எடுத்தார். கயிற்றை ஒருதரம் பார்த்தார். என்னை ஒருதரம் பார்த்தார். "யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சரியென்று ஓடிவிட்டார்.

கூட்டத்தில் அன்பழகன் பேசும்போது நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தம்பியைக் காட்டிக்கொடுத்தவள் என்று ஆகிவிட்டால் அடுத்த கார்த்திகைக்கு எனக்கு யார் வருவார்கள் என்று நினைத்தேன் பார். அந்த நேரத்தில் அதைத்தான் நினைத்தேன். இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் தலைகுனிந்து நிற்கிறார், எனக்குச் சீர்த்தட்டு கண்ணுக்குத் தெரிகிறது. இப்போது அவர் டீக்கடைக்குப் போவதில்லை. ஏரிக்கரை வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு வயலுக்குப் போகிறார். பாலை சொசைட்டியில் ஊற்றும்போதுகூட எல்லாரும் போனபிறகு போகிறார். சோற்றை மட்டும் எப்போதும்போலச் சாப்பிடுகிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

காணும் பொங்கலன்று காலை பத்து மணிக்குக் கோயிலில் ஊர் கூடுகிறது. புது நீர்க்கட்டியை அன்றைக்குத்தான் வைக்கிறார்கள். நீ வா. நீ எடுத்ததை நீ சொல். நான் முடிச்சை மாற்றியதை நான் சொல்கிறேன். அடிக்கமாட்டார்கள். அடித்தாலும் வாங்கிக்கொள்.

தறியை இங்கே கொண்டுவந்து போடச் சொன்னாரா? என்னிடம் சொல்லவில்லை. மழைக்கு முன்னாலேயே பின்கட்டில் சாமான்களையெல்லாம் ஒதுக்கி இடம் பண்ணிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, மாட்டுக்கு என்றார்.

தனக்கோடி

*

லாவண்யா நகர்
9.1.2026

அக்கா,

வருகிறேன். ஒன்பதரை பஸ்ஸில் வந்துவிடுவேன்.

ஹேமலதாவிடம் சொன்னேன். அவள் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. பிறகு, போகாவிட்டால் இனிமேலும் பேசமாட்டேன் என்றாள். முகூர்த்தப் புடவையை நெய்து முடித்து, தறியிலிருந்து அறுத்துக் கொடுத்துவிட்டேன். நல்ல வேலைப்பாடு என்று சொன்னார்கள். எனக்கு அதை மடிக்கக்கூடக் கை வரவில்லை.

மாமாவிடம் முன்கூட்டியே எதுவும் சொல்லவேண்டாம். நானே சொல்கிறேன்.

குமரேசன்

*

கொளத்துப்பட்டு
18.1.2026

குமரேசா,

ஒன்பதரை பஸ் வந்தது. போனது. நீ வரவில்லை. பத்தே முக்கால் பஸ்ஸையும் பார்த்தேன்.

நீ நெய்த அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டுதான் போனேன். உன் பக்கத்தில் நிற்கும்போது கட்டியிருக்க வேண்டும் என்று எடுத்து வைத்திருந்தது. புது நீர்க்கட்டி பேரைச் சொல்ல வாயெடுத்தார்கள். எழுந்துவிட்டேன். "எந்தம்பி சாவிய எடுத்து தொறந்தான். நான் கயித்து முடிச்ச மாத்தினேன். இவருக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். இவ்வளவுதான் சொல்ல முடிந்தது. ஒருத்தரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்பழகன் அவனாகவே போய்ச் சாவியை எடுத்துவந்து உன் மாமாவிடம் நீட்டினான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. இவர் வாங்கவில்லை. "வேணாம்பா. இனிமே அது வேற வூட்ல தொங்கட்டும்" என்றார்.

வீட்டுக்கு வரும்போது, அந்தக் கூட்டத்துக்குப் பிறகு முதல்முறையாக ஏரிக்கரை வழியாக வந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று ஊர் முன்னால் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். மதகுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார். என் பக்கம் திரும்பவில்லை.

"அது மாட்டுக் கயித்து முடிச்சுன்னு எனக்குத் தெரியாதா? தெனம் நீ கட்றத நான்தானே அவுக்கிறேன்" என்றார்.

அன்று காலையிலேயே தெரிந்திருக்கிறது குமரேசா. நான் போட்ட முடிச்சு என்றால் யாருக்காகப் போட்டிருப்பேன் என்றும் தெரிந்திருக்கிறது. அப்புறம் ஏன் கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றீர்கள் என்று கேட்டேன். "நீ சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன்" என்றார்.

நாற்பத்து நாலு நாள். உன் கடிதம் ஒவ்வொன்றையும் வாங்கிப் பருப்பு டப்பா மேல் வைத்தாரே, அப்போதெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து ஒளித்து ஒளித்துப் படித்தேன். கரைமேல் உட்கார்ந்து அழுதேன். அவர் மாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நடந்தார். கொஞ்ச தூரம் போய், நான் எழுந்து வருகிறவரைக்கும் நின்றார்.

புதுப் பலகை போட்டு, மதகுக் கால்வாயைத் தூர் வாரப்போகிறார்கள். தை மாசக் கடைசி ஞாயிறு ஆரம்பம். வீட்டுக்கு ஒரு ஆள், அவரவர் மண்வெட்டியோடு. உன் மாமாவும் போகிறார், மற்றவர்களைப்போல ஒரு ஆளாக.

புடவையைத் திருப்பி அனுப்பலாம் என்றுதான் மடித்தேன். அனுப்பவில்லை. நீ இனி எழுதினாலும் எழுதாவிட்டாலும் சரி.

தனக்கோடி

*

லாவண்யா நகர்
5.2.2026

அக்கா,

நான் வந்தேன்.

ஒன்பதரை பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் ஸ்டாப்பில் இறங்காமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி வயல் வழியாக நடந்தேன். சாய்ந்த சம்பாவை மாட்டுக்கு அறுத்துப்போட்ட வயல். கோயிலுக்குப் பின்னால் ஒரு டிராக்டர் நின்றது. அதன் மறைவில் நின்றேன். இதோ போகிறேன், இதோ போகிறேன் என்று நின்றுகொண்டிருந்தபோதே நீ எழுந்தாய். புடவையை வைத்துத்தான் உன்னை அடையாளம் கண்டேன். நீ பேசியது முழுக்கக் கேட்டது. தம்பி என்று சொல்லும்போது உன் குரல் உடைந்தது. அப்போதாவது போயிருக்கலாம். நான் வயல் வழியாகவே திரும்பி நடந்தேன். என்னைப் பெற்றவர்கள் உயிரோடு இல்லாதது நல்லதாகப் போயிற்று.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வந்த கையோடு ஜீவானந்தம் சாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். யாராவது ஒருத்தர் என்னைக் கேவலமாகப் பார்த்தால் தேவலை என்று இருந்தது. அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அறுபது வீட்டைக் காப்பாற்றியிருக்கிறீர்கள், இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றார். குடியரசு தினத்தன்று கொடியேற்றிவிட்டு எல்லார் முன்னாலும் எனக்குச் சால்வை போட்டார்கள். கை தட்டினார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். சால்வை தோளில் விழுந்துவிட்டது. கும்பிட்டுவிட்டு வந்தேன். ஹேமலதா அதை வீட்டுக்குள் விடவில்லை. வெளித் திண்டின் மேல் கிடக்கிறது.

நீ சொன்னது உன் தப்பு அக்கா. என் தப்பை நான் இன்னும் உங்கள் ஊரார் யாரிடமும் சொல்லவில்லை. நான் திருகினேன் என்று நீ சொல்லிவிட்டாய். மூடாது என்று தெரிந்தும் வீட்டுக்கு வந்து பொரி உருண்டை சாப்பிட்டேன் என்பது உனக்கும் எனக்கும்தான் தெரியும். அன்பழகனுக்குத் தெரியவேண்டியது அதுதான்.

ஆரணியில் ஒரு மண்வெட்டி வாங்கினேன். கடைக்காரர் தோட்ட வேலைக்கா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில், இந்தமுறை உங்கள் ஸ்டாப்பிலேயே இறங்குகிறேன். வீட்டுக்கு வரமாட்டேன், நேராக மதகுக்குப் போகிறேன். வரிசையில் நிற்கவிட்டால் நிற்கிறேன். விடாவிட்டால் கரைமேல் நிற்கிறேன். அடுத்த ஐப்பசியில் ஏரி நிரம்பினால் என் குழியில் திரும்பவும் தண்ணீர் வரும். வரட்டும். பின்கட்டில் அந்த இடம் அப்போதும் இருக்குமா என்று மாமாவிடம் கேட்க எனக்கு முகம் இல்லை. நீயும் கேட்காதே.

இந்தக் கடிதம் சனிக்கிழமை உன் கைக்கு வரும். மாமாவே வாங்குவார். இந்தமுறை அவர் கண்ணெதிரிலேயே பிரித்துப் படி, சத்தமாகப் படி. பதில் மட்டும் எழுதாதே அக்கா. வா என்று எழுதினாலும் வராதே என்று எழுதினாலும், அதை வைத்துக்கொண்டு நான் வீட்டிலேயே இருந்துவிடுவேன்.

குமரேசன்